வள்ளியூர் பக்கம் மண் வீடு: அடுப்பங்கரையை எந்த மூலையில் வைப்பது?

வள்ளியூருக்கும் ராதாபுரத்துக்கும் நடுவில் செம்மண் பூமியில் மண் வீடு கட்டப்போகிறீர்கள். வரைபடம் போட்டவர், காற்று நன்றாக வரும் என்று அடுப்பங்கரையை வடமேற்கில் வைத்திருக்கிறார். உங்கள் மாமியார் அக்னி மூலையை, அதாவது தென்கிழக்கை, விட்டு நகரக்கூடாது என்கிறார். மண் சுவர் என்றால் அடுப்பங்கரை தானாகவே குளுமையாக இருக்குமா, கேஸும் கரண்டும் மிச்சமாகுமா, விறகடுப்பும் ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூலையைப் பற்றிக் கேட்டிருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது மண் சுவர் நமக்காக எவ்வளவு வேலை செய்யும், நாமாகப் பார்த்துச் செய்யவேண்டியது எவ்வளவு என்பதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் கட்டடப் பொறியியலில் டிப்ளமோ படித்தவன். இருபது வருடமாகக் களக்காடு, பணகுடி, கடையம், சங்கரன்கோவில் பக்கங்களில் மண் வீடு கட்டியும், பழைய வீடுகளைச் செப்பனிட்டும் வருகிறேன். வாஸ்து எனக்குப் பழக்கமில்லாத துறை. காற்று, வெயில், தண்ணீர் இந்த மூன்றை வைத்துத்தான் என்னால் பேச முடியும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடலாம். மண் சுவர் வெப்பத்தைத் தடுக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரே கனத்தில் எடுத்துக்கொண்டால், வெப்பத்தைக் கடத்துவதில் மண் சுவருக்கும் சுட்ட செங்கல் சுவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மண் செய்வது வேறு வேலை. வெப்பத்தை வாங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு, பொறுமையாகத் திருப்பிக் கொடுக்கும். ஓரடிச் சுவரின் வெளிப்பக்கம் பட்ட சூடு உள்பக்கம் வந்துசேர ஏழெட்டு மணி நேரம் ஆகும். மதியம் மூன்று மணி வெயில் மேற்குச் சுவரைத் தாண்டி உள்ளே வரும்போது இரவு பத்து, பதினொன்று ஆகியிருக்கும். மண் வீட்டில் பகலில் குளுமையாக இருப்பதும், மேற்கு அறையில் ராத்திரி புழுங்குவதும் இதே காரணத்தால்தான். அடுப்பு, பிரிட்ஜ், படுக்கையறை எது எங்கே என்று முடிவு செய்யும்போதெல்லாம் இந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பங்கரையைப் பொறுத்தவரை, பெரும் சூடு உள்ளேயேதான் பிறக்கிறது. கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் முழுத் தீயில் எரிந்தால் கிட்டத்தட்ட இரண்டு கிலோவாட். ஒரு குளியலறை கீசரைத் திறந்த அறைக்குள் ஓடவிட்டது போல. நல்ல கேஸ் அடுப்பு என்றாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தில் ஏறாமல் நேராக அறைக்குள் போய்விடும். பாத்திரத்தில் ஏறியதும் ஆவியாகி அறைக்குத்தான் வரும். இதைச் சுவர் வாங்கிக்கொள்ளும் என்று விட்டால், வாங்கியதை மாலையில் உங்களுக்கே திருப்பித் தரும். சூடும் ஆவியும் மேலே ஏறி வெளியே போக வழி வேண்டும். அதனால் கூரை முகட்டுக்குக் கீழே திறப்பு கட்டாயம். ஓட்டுக் கூரை என்றால் முகட்டில் இரண்டு வரி ஓடுகளை உயர்த்தி, மழைச் சாரல் வராதபடி சின்னக் கூரை போடலாம். தட்டையான மாடிக் கூரை, அதாவது தட்டட்டி, என்றால் சுவரின் உச்சியில் எதிரும் புதிருமாகக் காற்றுத் துளைகள் வைக்கலாம். மண் பூச்சு ஆவியின் ஈரத்தையும் கொஞ்சம் குடித்து மெல்ல விடும், இது மண்ணின் நல்ல குணம். ஆனால் மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் அந்தக் குணம் போய்விடும். சுண்ணாம்பே அடியுங்கள்.

அடுத்தது காற்று. உங்கள் ஊரில் மற்ற எதையும்விட இதுதான் முக்கியம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் மேல்காற்றுக்காகத்தான் முப்பந்தல், பணகுடி பக்கமெல்லாம் காற்றாலைகளாக நிற்கின்றன. வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை அந்தக் காற்றுக்கு ஓய்வு கிடையாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்த ஊரில், காற்றுக்காக அடுப்பங்கரையை வடமேற்கில் வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் பணகுடி பக்கம் ஓர் ஆச்சி வீட்டில் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிது. மேற்குச் சுவரில் அடுப்புத் திட்டுக்கு நேர் மேலே, இரண்டரை அடி அகலத்தில் அழகான சன்னல் ஒன்று வைத்துக் கொடுத்தேன். ஆடியில் போய்ப் பார்த்தால் சன்னலில் சாக்கு அடைத்திருக்கிறது. "ஏய்யா, சன்னலு நல்லாத்தான் இருக்கு. தீ நிக்கணும்லா?" என்றார் ஆச்சி. சாக்கை எடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். நீலத் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. சட்டியின் அடியில் படவேண்டியது காதுப் பக்கம் நக்கிக்கொண்டிருந்தது. சட்டியைத் தூக்கிக் காட்டினார். கிழக்குப் பக்கம் மட்டும் நிறம் மாறிக் கருத்திருந்தது, மேற்குப் பக்கம் பளபளவென்று இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சின்ன பர்னர் அணைந்து கேஸ் வாடை வந்தது. எரிபொருள் வீண் என்பதோடு உயிருக்கே ஆபத்து அது. அந்தச் சன்னலை அடைத்து, உச்சியில் ஓரடி மட்டும் சாய்வுச் சட்டம் போட்டு விட்டேன். தெற்குச் சுவரில் புதிதாக ஒன்று திறந்து, அடுப்பைக் கிழக்கே நகர்த்தினேன். அப்புறம்தான் ஆச்சி சாக்கைத் தொழுவத்துக்கு எடுத்துப் போனார்.

ஆகவே உங்கள் மனையில் மாமியார் சொல்வதே சரி. என் காரணங்கள் இவை. ஆனி, ஆடி மேல்காற்றுக்குத் தென்கிழக்கு மூலை மறைவான பக்கம். புகையும் தாளிப்பு வாடையும் வீட்டுக்குள் திரும்பாமல் வெளியே போய்விடும். பிற்பகல் வெயிலை மற்ற அறைகள் தாங்கிக்கொள்வதால் அடுப்பங்கரையின் மேற்குப் பக்கம் வெந்து கிடக்காது. காலை வெயில் கிழக்குச் சன்னல் வழியாக வந்து, பாத்திரம் கழுவும் அங்கணத்தை உலர்த்தும். இதில் ஒரு குறையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வீசும். அந்த இரண்டு மாதம் அடுப்பு வாடை கொஞ்சம் வீட்டுக்குள் வரும். அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் பக்கம் பெரிய மழை அப்போதுதான், அது கிழக்குச் சுவரில் சாய்ந்து அடிக்கும். மண் சுவருக்கு அது ஆகாது. கிழக்கே குறைந்தது மூன்றடி இறவாணம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) இறக்குங்கள், முடிந்தால் ஒரு தாழ்வாரமே போட்டுவிடுங்கள். தரைக்கு மேல் ஒன்றரை அடி கருங்கல் கட்டு இருக்கட்டும். தெறிக்கும் மழைத்தண்ணீர் கல்லில்தான் பட வேண்டும்.

வெயில் விஷயத்தில் இன்னொன்று. வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கும். அது டெல்லிக்குச் சரி. நாம் இருப்பது எட்டரை டிகிரி வடக்கில். சித்திரை பிறக்கும் சமயத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதன் பிறகு ஆவணி நடு வரை வடக்கே சாய்ந்துதான் போகிறது. கத்திரி வெயிலில் நம்மூரில் வெயில் படுவது வடக்குச் சுவரில், நிழல் தெற்கே. ஆனால் சூரியன் அப்போது ரொம்ப உயரத்தில் இருப்பதால் இரண்டடி இறவாணமே வடக்குச் சுவரின் நடுப்பகல் வெயிலை மறைத்துவிடும். தெற்குப் பக்கம்தான் மார்கழி, தையில் வெயில் தாழ வரும், அந்த மாதங்களில் அது ஒரு தொந்தரவும் இல்லை.

இப்போது உள்ளே. அடுப்பைக் கிழக்குச் சுவரில் வையுங்கள். சன்னல் அதற்கு நேர் எதிரே வேண்டாம், இரண்டு மூன்றடி பக்கவாட்டில் தள்ளி இருக்கட்டும், வெளிச்சம் வரும், தீ ஆடாது. கேஸ் அடுப்பு என்பதால் தரையை ஒட்டி ஒரு துளையும் வேண்டும். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தண்ணீர் போலப் பரவி நிற்கும். பழைய வீடுகளைப் பார்த்து அடுப்பங்கரையை ஒரு படி இறக்கிக் கட்டும் ஆசை சிலருக்கு உண்டு. கேஸ் வைக்கும் அறையில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். துளைக்கு எலி, பாம்பு வராத கம்பி வலை அடித்துவிடுங்கள். சிலிண்டரை வெளியே வைப்பதாக இருந்தால் ஏஜென்சி ஆளை வைத்தே குழாய் போட வேண்டும், மண் சுவரைத் தாண்டும் இடத்தில் குழாய்க்கு ஓர் உறை வேண்டும்.

பிரிட்ஜுக்கு மண் வீட்டுக்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. சுவர்தான் கனமாக இருக்கிறதே என்று மாடம் போலக் குடைந்து அதற்குள் பிரிட்ஜைச் சொருகிவிடுவார்கள். பார்க்க அழகு. ஆனால் பிரிட்ஜ் உள்ளிருந்து எடுக்கும் சூட்டை முதுகு வழியாகவோ பக்கவாட்டிலோதான் வெளியே விடுகிறது. மாடத்துக்குள் அந்தச் சூடு தேங்கும், மண் அதைச் சேர்த்துவைக்கும், மோட்டார் ஓய்வில்லாமல் ஓடும். வருடம் முழுக்க, இரவும் பகலும் ஓடும் ஒரே சாமான் அது. அடுப்பிலிருந்து நான்கடியாவது தள்ளி, வீட்டின் உட்சுவரை ஒட்டி, பின்னால் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, மேலே திறந்த இடமாக வையுங்கள். மேற்குச் சுவர் கூடாது. குடிதண்ணீருக்குக் காருகுறிச்சிப் பானை ஒன்றைக் காற்றோட்டமான சன்னல் பக்கம் மணலில் வைத்தால், அதுவே பிரிட்ஜ் கதவு திறக்கும் தடவையைக் குறைத்துவிடும். மேல்காற்று வறண்ட காற்று, பானைத் தண்ணீர் அப்போது நன்றாகக் குளிரும். ஐப்பசி ஈரத்தில் அவ்வளவாகக் குளிராது.

அங்கணம்தான் மண் வீட்டைக் கொல்லும் இடம். நான் செப்பனிடப் போன வீடுகளில் சுவர் இறங்கியிருந்தது பெரும்பாலும் அங்கணத்தை ஒட்டித்தான். ஈரமான மண் பலம் இழக்கும், கரையானையும் கூப்பிடும். அங்கணம் வெளிச்சுவரில் இருக்கட்டும், அந்த இடத்தில் மட்டும் தரையிலிருந்து நான்கடி உயரத்துக்குக் கருங்கல்லோ சுட்ட செங்கல்லோ வைத்துக் கட்டி, சுண்ணாம்புக் காரை பூசுங்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் குழைத்த காரை நன்றாக நிற்கும், கைப்பழக்கம் உள்ள கொத்தனார் கிடைத்தால். பழக்கமில்லாதவர் செய்தால் வெடித்துவிடும், அதைவிடக் கடப்பைக் கல் பதிப்பதே மேல். தண்ணீர்க் குழாயை எக்காரணம் கொண்டும் மண் சுவருக்குள் புதைக்க வேண்டாம், வெளியே தெரிகிற மாதிரி ஓடட்டும். குளியலறை அங்கணத்துக்கு அடுத்த சுவரிலேயே வந்தால் இரண்டுக்கும் வெந்நீர் ஒரே இடத்திலிருந்து வரும். அரை அங்குலக் குழாயில் பத்து மீட்டருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் நிற்கும். தூரத்தில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் அவ்வளவு தண்ணீரை வீணாக்கித்தான் வெந்நீரைப் பார்க்க முடியும். கழிவுநீரைப் புறவாசல் வாழைக்கு விடுங்கள்.

விறகடுப்பு கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், ஆனால் வீட்டுக்குள் வேண்டாம். புகை கூரை ஓலையைப் பூச்சி அரிக்காமல் காத்தது உண்மைதான், அந்தப் புகையில் நம் பாட்டிமார் நெஞ்சும் கண்ணும் போனதும் உண்மை. புறவாசலில், வீட்டின் கிழக்குப் பக்கம், மூன்று பக்கம் திறந்த சாய்ப்பு இறக்கி அதில் வையுங்கள். வெந்நீர், கிழங்கு அவிக்க, உளுந்தங்களி கிண்ட என்று வாரம் சில நாள் எரிந்தால் போதும். வடிவம் கொடி அடுப்பே நல்லது. முன் அடுப்பைத் தாண்டிப் போகும் தீ பின் அடுப்பிலும் ஒரு பாத்திரத்தைச் சூடாக்கும், வீணாகப் போகும் சூட்டில் குழம்பு ஒன்று கொதித்துவிடும். இதே யோசனையைத்தான் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அஸ்ட்ரா ஒலெ என்ற மூன்று பாத்திர அடுப்பாகப் புகைக்கூண்டோடு வளர்த்தெடுத்தார்கள்.

அடுப்பை வீட்டுச் சுவர் போலக் கனமான மண்ணில் கட்டாதீர்கள். மேலே சொன்ன அதே குணம்தான் இங்கே எதிராக வேலை செய்யும். அரைமணி நேரம் சமைக்கும் அடுப்பில், முதலில் போடும் விறகெல்லாம் மண்ணைச் சூடாக்கத்தான் போகும். தீ படும் உட்பக்கம் மட்டும் இரண்டு விரல் கனத்துக்குக் கெட்டி மண், அதற்கு வெளியே உமி நிறையச் சேர்த்த மண்ணோ சாம்பல் நிரப்பிய இடைவெளியோ இருக்கட்டும். பாத்திரத்துக்கும் அடுப்பின் விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி போதும், அகலமாக விட்டால் தீ பாத்திரத்தைத் தொடாமல் போய்விடும். புகைக்கூண்டை அடியில் திறந்து கரியை வாரும்படி வையுங்கள். 1983இல் தொடங்கிய மத்திய அரசின் புகையில்லா அடுப்புத் திட்டத்தில் போட்ட அடுப்புகள் பல ஊர்களில் கைவிடப்பட்டதற்கு ஒரு காரணம் கூண்டு அடைத்துக்கொண்டதுதான். பனைமட்டையோ உடைமுள்ளோ எதுவானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். விறகு அடுக்க அந்தச் சாய்ப்பிலேயே தரைக்கு மேல் ஒரு மேடை போடுங்கள், சுவரை ஒட்டி அடுக்கினால் கரையான் சுவருக்கு வந்துவிடும்.

கேஸ் மிச்சம் என்று பார்த்தால், சுவரைவிட மூடி அதிகம் செய்யும். ஒரு லிட்டர் தண்ணீரை முப்பது டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி போதும். அதே ஒரு லிட்டரை ஆவியாக்க 540. திறந்த சட்டியில் ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி ஆவியாகப் போனால், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கேஸ் போனதற்குச் சமம். கொதித்த பிறகு தீயைக் குறைப்பதால் வேக்காடு தாமதமாகாது, கொதிக்கும் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது. இதை ஏன் வீட்டு அமைப்போடு சொல்கிறேன் என்றால், மூடி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால்தான் மூடுவோம். அடுப்புக்கு வலக்கைப் பக்கம் சுவரிலேயே மூடிகளுக்கு ஒரு மாடம் விடச்சொல்லுங்கள், மண் சுவரில் அது கட்டும்போதே சுலபமாக வரும். திட்டுக்குக் கீழே வைக்கோல் பெட்டிக்கு ஒன்றரை அடிச் சதுரம் ஒதுக்குங்கள். அரிசியோ பருப்போ நன்றாகக் கொதித்ததும் மூடியோடு வைக்கோலுக்குள் இறக்கி, மேலே சாக்குத் தலையணை வைத்தால் மிச்ச வேக்காடு அதிலேயே நடக்கும். உங்கள் வீட்டு அரிசிக்கு எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும் என்பதை நாலைந்து தடவை செய்து பார்த்துத்தான் பிடிக்க முடியும். புறவாசலில் இடுப்புயரக் கல்திட்டு ஒன்று இருந்தால் சூரிய அடுப்புப் பெட்டியும் வைக்கலாம், நம்மூரில் வெயில் நேர் மேலிருந்து விழுவதால் அது நன்றாகவே வேலை செய்யும், ஆடியில் மட்டும் கண்ணாடி மூடியைக் கயிற்றால் கட்டிவையுங்கள்.

வெளிச்சத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கனமான சுவரில் சன்னலின் உள்விளிம்பை இரண்டு பக்கமும் சாய்த்து விரித்து வெள்ளையடித்தால் பகலில் விளக்கே வேண்டாம். கண்ணாடி ஓடு ஒன்று போதும், நான்கு போட்டால் நடுப்பகல் வெயில் தலையில் விழும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவை இரண்டு. மாதம் எவ்வளவு கேஸ் மிச்சமாகும் என்று யாராவது சதவீதம் சொன்னால் நம்ப வேண்டாம். அது உங்கள் வீட்டில் எத்தனை பேர், காலையில் என்ன சமைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. இரண்டாவது, உங்கள் மண். செம்மண் என்றாலும் ராதாபுரத்துக்குக் கிழக்கே போகப்போகத் தேரி மணல் (செம்மணல் மேட்டு மணல்) கலந்து வரும், அதில் களிமண் குறைவு, சுவர் நிற்காது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் விடுங்கள். அடியில் மணல், மேலே வண்டல், உச்சியில் களி என்று வரி வரியாகப் படியும். அதைப் படம் எடுத்துக் காட்டினால் எந்த முறையில் சுவர் எழுப்பலாம் என்று பேசலாம். அதற்கு முன், வரைபடத்தை மாற்றச் சொல்லிவிட்டு, மனையின் நடுவில் ஓர் ஆள் உயரக் கம்பு நட்டு பழைய வேட்டித் துணியைக் கட்டிவிடுங்கள். காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும், அதாவது நீங்கள் அடுப்புப் பற்றவைக்கும் நேரத்தில், துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று ஆடி முடியும்வரை குறித்து வையுங்கள்.